பூனாவுக்கு ஒரு அட்டைப்பெட்டி

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அன்புசெல்வன் அவர்களுக்கு,

மாமனார் சாம்சன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தை சுகிர்தாவும் சுகம். என் வலது கால் கட்டைவிரல் மட்டும் சுகமில்லை, அதன் கதை கீழே வரும். பூனாவில் தாங்களும், எங்கள் மகள் ஷைனியும், அவள் வயிற்றில் இருக்கும் செல்வமும், தங்கள் தாயாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். செல்வத்துக்கு இன்னும் பெயர் வைக்காததால் "பூனாவுல இருக்கிற குட்டி" என்று சொல்லி ஜெபிக்கிறோம். ஆண்டவருக்குப் புரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனை உங்கள் அத்தை பிடுங்கி வைத்துக்கொண்டாள். "நீ பேசினா சண்டையிலதான் போய் முடியும். எய்தி பொட்டியில போடு, மாப்ள நிதானமா படிச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபமே வராது என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வாரம் தாங்கள் சொன்னதை நான் கொஞ்சமும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நடு அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருந்தேன். ஷைனிக்குப் பிரஷர் இருக்கிறது, ரயில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சரி. டாக்டரை எதிர்த்துப் பேச நான் யார், கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி. ஆனால் அதற்கப்புறம் தாங்கள், "நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ தூரம் அலைய வேணாம் மாமா. ஷைனி கேக்கறத ஒரு பொட்டியில போட்டு கொரியர் பண்ணிடுங்க. இங்கதான் அம்மா இருக்காங்களே" என்றீர்கள். எவ்வளவு நல்ல மனசு! இதில் "வாங்க" என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று நானும் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். கூப்பிடாத வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது மாப்பிள்ளை. என் அப்பா, கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கே பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள் என்று, ஆரணி வரைக்கும் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஆகவே நாங்கள் வரமாட்டோம். பெட்டிதான் வரும்.

பெட்டியைப் பற்றித் தாங்கள் அனுப்பிய மெசேஜையும் படித்தேன். அஞ்சு அடுக்கு அட்டை, பழைய பிரிண்ட் போட்ட பெட்டி கூடாது, உள்ளே காலி இடம் இருக்கக்கூடாது, பொருளுக்குத் தக்க அளவு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு அட்டைப்பெட்டி பற்றிப் பாடமா? இங்கே நாய் படுப்பதுகூட அட்டைப்பெட்டியில்தான். ஒரு பெட்டி, அதில் நாலு சாமான், அரைமணி நேர வேலை என்று நினைத்தேன்.

சாமான்களும் பெரிய விஷயமில்லை. பிள்ளைக்கு மருந்து உரைக்கிற கல். கண்ணாடி ஜாடியில் பிரசவ லேகியம். பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன உங்கள் அத்தையின் பருத்திப் புடவைகள், அதில் ஒன்று ஷைனிக்குத் தூளி கட்டியது. அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், கல் கனம், ஜாடி உடையும், கருவாடு நாறும், புடவை அந்த நாற்றத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத நாலு பேரை ஒரே வீட்டில் குடிவைக்கிற மாதிரி வேலை.

முதலில் மளிகைக்கடை கன்னியம்மாவிடம் கேட்டேன். "இதுக்கின்னா சாரே, எத்தினி வேணும்?" என்று பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். பார்க்க லட்சணமான பெட்டி. நாலு சாமானையும் வைத்துத் தூக்கினேன். பெட்டி என் கையோடு வந்தது, கல் வரவில்லை. அது நேராக என் கட்டைவிரல் மேல் இறங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஏஞ்சலின் அம்மா, ஷைனிக்கு வலி கண்டுவிட்டது என்று நினைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் பிஸ்கட் தூளுக்கு வந்த எறும்பு, லேகிய ஜாடியின் கழுத்து வரைக்கும் போய்விட்டது. உங்கள் அத்தை கல்லைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள், விரிசல் விட்டிருக்கிறதா என்று. என் காலை அப்புறம்தான் பார்த்தாள்.

சரி, எங்கள் கம்பெனியில் அஞ்சு அடுக்குப் பெட்டி மலையாகக் குவிந்து கிடக்கிறதே என்று அங்கே போனேன். இங்கேதான் மாப்பிள்ளை ஒரு சங்கடம். நான் அந்த கேட்டில் நிற்கிறவன். பாஸ் இல்லாமல் ஒரு குண்டூசி வெளியே போக விட்டதில்லை. கேன்டீன் அம்மாவின் டிபன் கேரியரைக்கூட மூடி திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அப்படிப்பட்ட நான் ஒரு காலிப்பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தபோது, அடுத்த ஷிப்டுக்கு வந்திருந்த மோசஸ் குறுக்கே கையை நீட்டினார். "சாம்சன் அண்ணே, பாஸ் எங்க?" என்றார். "யோவ், பாஸ் எழுதறவனே நான்தான்யா" என்றேன். "அப்ப எய்தி குடுத்துட்டு எடுத்துகினு போ" என்றார். எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "மகள் பிரசவம்" என்று போட்டேன். ஸ்டோர்ஸ் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, காலிப்பெட்டி பழைய சாமான் கான்ட்ராக்டருக்கு மட்டும்தான் போகும், செக்யூரிட்டியே இப்படிப் பண்ணினால் எப்படி என்று கேட்டுவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் என் கேட்டில் பிடிபட்டவர்கள் எத்தனையோ பேர். என்னிடம் நானே பிடிபட்டது இதுதான் முதல் தடவை.

நான் விடுவேனா? அந்தப் பெட்டியின் மூலையில் சாக்பீஸால் ஒரு சிலுவை போட்டு வைத்தேன். மறுநாள் கான்ட்ராக்டர் அப்பாவுவின் வண்டியில் அது வெளியே போனபோது நானே கேட்டைத் திறந்து, நானே கையெழுத்துப் போட்டு, டியூட்டி முடிந்ததும் நொண்டிக்கொண்டே அவன் குடோனுக்குப் போனேன். அங்கே அப்பாவு ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், செடிக்கு ஊற்றுகிற மாதிரி அட்டைக் குவியல் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

"இன்னாடா பண்ணிகினு இருக்கே?" என்று கத்தினேன்.

"தராசுல வெயிட்டு நிக்க வேணாவா சாரே? காஞ்ச அட்டைக்கு இன்னா துட்டு வரும்?"

"அதுல என் பொட்டி கீதுடா!"

"உன் பொட்டின்னு இன்னா பேரா எய்திகீது?" என்றவன், சிலுவையைப் பார்த்ததும் பதறிப்போய், "ஐயய்யோ, சாமி பொட்டியா? முன்னாடியே சொல்றதில்ல?" என்று இழுத்துக் கொடுத்தான். நனைந்த துண்டு மாதிரி என் கையில் தொங்கியது. வெயிலில் காயவைத்தேன். காய்ந்தது, ஆனால் மறுபடி அது பெட்டியாக ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பேஜாரையெல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஸ்டீபன் உதவிக்கு வந்தார். பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். முறைப்படி பாஸ் வாங்கி, வெளிநாட்டுக்குப் பம்ப் அனுப்புகிற பெட்டி ஒன்றைப் பிரித்து மடித்துக் கொண்டுவந்தார். அடடா, அது பெட்டி! மேலே ஏறி நின்றாலும் அசையாது. நடு அறையில் வைத்து நிமிர்த்தி, அடியில் டேப் ஒட்டி, நாலு சாமானையும் வைத்தால், கோயிலில் ஆராதனைக்கு ஆள் வராத நாள் மாதிரி காலியாகக் கிடக்கிறது. காலி இடம் கூடாது என்று தாங்கள் சொல்லியிருக்கிறீர்களே என்று உங்கள் அத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பேப்பர் வைத்தாள். பேப்பருக்குப் பதில் முறுக்கு வைத்தால் ஷைனி தின்பாளே என்று முறுக்கு வைத்தாள். தலையணை வைத்தாள். கொசுவலை, அரிவாள்மணை, வசம்பு, வேப்பெண்ணெய். ஷைனியின் ஞானஸ்நானக் கவுன். சண்டே ஸ்கூலில் வாங்கின கப்பு. ஷைனி இங்கே இருந்தபோது தினமும் காப்பி குடித்த டம்ளர்.

டம்ளரை வைக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. என்னவென்று பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். "இன்னாத்துக்கு அழுவுறே?" என்றேன். "இன்னும் எடம் கீதுய்யா" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன் மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு ஊட்டுக்கு வரலன்றது எனக்குத் தாங்கல. அம்மா ஊட்டையே பேக் பண்ணி அனுப்பணும்னா எந்த சைஸ் பொட்டி மாப்ள வாங்கறது? அதுக்கு எத்தினி அடுக்கு வேணும்? அதை உங்க மெசேஜ்ல போடலியே.

மன்னிக்கவும். கோபமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

கொரியர்காரர் வந்தார். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, மடித்து வந்ததால் உள்ளே வந்த பெட்டி நிமிர்ந்த பிறகு வாசற்படியைவிட அகலம். நேராகத் தள்ளினோம், சாய்த்துத் தள்ளினோம், ஸ்டீபன் வெளியிலிருந்து இழுத்தார். பெட்டி நிலைப்படியில் சிக்கிக்கொண்டு, நான் உள்ளே, கொரியர்காரர் வெளியே. அவர் அங்கேயே நின்று பெட்டி மேல் எழுதியிருந்ததைப் படித்தார். "பம்ப் செட்டா? ஜிஎஸ்டி பில் எங்க சார்?" என்றார். "பம்ப் இல்லப்பா, பிரசவ சாமான்" என்றேன். "பம்ப்புன்னு போட்டுகினு பிரசவம்ன்றியே, நாளைக்கு செக் போஸ்ட்ல எவன் பதில் சொல்றது?" என்றார். திறந்து காட்டினேன். நெத்திலி வாசம் தெருவுக்கே வந்துவிட்டது. கருவாடு எடுக்கமாட்டோம் என்றார். கருவாட்டை எடுத்துவிட்டேன். "கருவாட்ட எடுத்துட்டே சார், வாசத்த எப்ப எடுப்பே?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுப் பூனை மட்டும் உள்ளே வந்தது.

ஆகவே தாங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி என்று இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். இதை ஷைனிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இன்று சிப்காட் பின்புறம் பெட்டி செய்து தருகிற இடத்துக்கே போய், கல்லையும் ஜாடியையும் வைத்து அளவெடுத்து, பிரிண்ட் இல்லாத அஞ்சு அடுக்குப் புதுப்பெட்டி வாங்கி வந்துவிட்டேன். கல் அடியில், புடவை சுற்றிலும், ஜாடி நடுவில். ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. கருவாடு கிடையாது. நாளைக்கு கொரியரில் போடுகிறேன். நாங்கள் வரவில்லை, லீவும் கிடைக்காது, எனக்குக் காலும் சரியில்லை. தங்கள் தாயார் பார்த்துக்கொள்வார்கள்.

ஆண்டவர் தங்கள் வீட்டின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். ஷைனிக்கு முத்தம். பூனாவில் இருக்கும் குட்டிக்கு, சீக்கிரம் வா, ஆனால் அவசரப்படாதே என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ம. சாம்சன்.

பின்குறிப்பு: பெட்டி வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் உங்க அத்தை புதுப்பெட்டியைப் பிரித்து, சாமானையெல்லாம் ரெண்டு கட்டைப்பையில போட்டுகினு, நல்ல புடவை கட்டிகினு நிக்கிறா. "பொட்டிக்கு அளவு பாத்தது போதும்யா. புள்ள வலியில அம்மான்னு கத்தும்போது லேகிய ஜாடியா போய் கையப் புடிக்கும்?" என்றாள். லீவு போட்டுவிட்டேன். ஸ்டீபன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பெட்டியை மடித்துப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஷைனி பிள்ளையோடு வீட்டுக்கு வந்து திரும்பும்போது சாமான் கட்ட வேண்டுமே. கருவாடும் வருகிறது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை, தங்கள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். உங்க அத்தை இந்நேரம் உள்ளே போய் ஷைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பாள், அவள் வம்சம் வேறு. நான் நீங்க படிச்சி முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னுகினு இருக்கேன். "வாங்க மாமா"ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மாப்ள, கால் வலிக்குது.