இன்ஸாஃப் மட்டும் வருகிறாள்

இர்பித்,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்புக் கொழுந்தியாள் ரபாபுக்கு,

உன்மீதும் உன் கணவர் ஜெவ்தெத்மீதும் உங்கள் வீட்டுக் கூரைமீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் என் வழக்கம். ஆனால் இந்தக் காலத்தில் பரிசோதனை நிலையத்தின் முத்திரை இல்லாமல் யாரும் தன்னை நலம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று மாலை உங்கள் அன்தால்யாவில் இறங்கும் விமானத்தில் நாங்கள் நால்வரும் வரவில்லை. உன் அக்கா இன்ஸாஃப் மட்டும் வருகிறாள். ஜெவ்தெத் யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருக்கும் பெரிய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல். முஹன்னதுக்காக நீ வாங்கி வைத்த ஆட்டுத் தொடையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடு. எப்படி இப்படி ஆயிற்று என்று நீ கேட்பாய். கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் அம்மா போன பிறகு உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றுதான் சொல்லி வந்தேன். பரவாயில்லை என்று சொல்லும்படி அவள் இல்லை. நீ அங்கிருந்து கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாய், நாங்கள் இங்கே மருத்துவமனை வாசலில் நின்றோம். அம்மாவின் மாற்றுத் துணியையும் கண்ணாடியையும் பையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள், காவலாளி அந்தப் பையைக்கூட உள்ளே வாங்கவில்லை. பிறகு வெள்ளை உடை போட்டவர்கள் அடக்கம் செய்தார்கள், நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம். அன்றிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். சமையலில் உப்பில்லை என்றால் சரி, உப்பு அதிகம் என்றால் சரி. நம் முஹன்னதுக்கு ஓர் ஒட்டகத்தைக் கட்டி வைக்கலாமா என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன், அதற்கும் சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மனைவிக்காகத்தான் ஏங்கினேன், கிடைத்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருந்தா அங்க கொண்டுபோய் விடுங்க, ரெண்டு பேருமா உக்காந்து அழட்டும்" என்றார். மகள் லுஜைன் உடனே சொன்னாள், எல்லோருமே போவோம், உம்மா சித்தியோடு அழட்டும், நாம் கடலில் குளிப்போம் என்று. விடுமுறைப் பயணம் என்று பெயர் வைத்தோம்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். எல்லைச் சுங்கச்சாவடியில் உத்தியோகம் பார்த்து முடி நரைத்தவன். எத்தனை லாரிகள், எத்தனை தாள்கள், அதில் எத்தனை பொய்கள் என் மேஜையைக் கடந்து போயிருக்கும். என்னைத் தோற்கடிக்கும் காகிதம் இன்னும் அச்சாகவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இரண்டு தடவை ஊசி போட்டதற்குச் சான்றிதழ், பயணத்துக்கு மூன்று நாளுக்குள் எடுத்த மூக்குப் பரிசோதனை, அவ்வளவுதானே என்றேன். என் கர்வத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும்.

முதல் அடி இன்ஸாஃபின் சான்றிதழில் விழுந்தது. இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு சமர்த்தாக வந்தாள், தாளைப் பார்த்தால் பால்: ஆண் என்று அச்சாகியிருக்கிறது. கடவுச்சீட்டில் பெண், சான்றிதழில் ஆண், எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள் என்று திருத்தப் போனோம். அங்கிருந்த இளைஞன் திரையைப் பார்த்தான், இன்ஸாஃபைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "இதுல ஆண்னுதான் வந்திருக்கு, அம்மா" என்றான். அம்மா என்று கூப்பிடுகிறாயே, அதுவே போதாதா என்று கேட்டேன். அது மரியாதைக்குக் கூப்பிடுவதாம், கணினிக்கு மரியாதை தெரியாதாம். இதோ நிற்கின்றனவே இரண்டு பிள்ளைகள், இவள் பெற்றவை என்றேன். "இவங்கதான் பெத்தாங்கன்னு தாள் இருக்கா?" என்றான். ஒரு காலத்து இன்ஸாஃபாக இருந்தால் அந்த மேஜை கவிழ்ந்திருக்கும், நான் சமாதானம் பேசி அவளை வெளியே இழுத்து வந்திருப்பேன். இப்போதைய இன்ஸாஃப் என் சட்டைக் கையைப் பிடித்து, "ஆம்பளையாவே இருந்துட்டுப் போறேன், வாங்க போகலாம்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மூன்று அலுவலகம் ஏறி இறங்கி அவளைத் திரும்பவும் பெண்ணாக்கிக் கொண்டுவந்தேன்.

அடுத்தது உன் அருமை அக்கா மகன் முஹன்னத். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்கித் தூக்கி அவன் புயம் என் தொடை அளவுக்கு வந்துவிட்டது, நீயும் படத்தில் பார்த்து மாஷா அல்லாஹ் என்றாய். அந்தப் புயத்தில் முதல் ஊசி இறங்கியதும் நின்ற நிலையில் சாய்ந்தான், சாய்ந்தவன் தாதியின் தட்டு, மேஜை, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த இமாம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தான். "இவ்ளோ பெரிய உடம்ப எதுக்குத்தான் வளத்தீங்க" என்று தாதி கேட்டாள். அந்த அவமானத்தில் இரண்டாவது ஊசிக்குப் போகாமல் போனேன் போனேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். விஷயம் தெரிந்து நான் காதைப் பிடித்து அழைத்துப்போனபோது பயணத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. ஊசி போட்டாயிற்றே, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஊசி உடம்புக்குள் போய் இரண்டு வாரம் ஊற வேண்டுமாம், நம் கத்தரிக்காய் ஊறல் மாதிரி. அதற்கு முன் அவன் பச்சைக் காய், செல்லாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது முந்தாநாள்.

அதற்குள் வீட்டுக்கு நான் போட்ட காவல் இருக்கிறதே, எல்லையில்கூட அப்படிப் போட்டதில்லை. கடைசி நேரத்தில் யாரும் நோயைக் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது என்று விருந்தாளி கிடையாது, கல்யாணம் கிடையாது, தொழுகையும் வீட்டில்தான். என் தங்கை ஒரு தட்டு குனாஃபா இனிப்பு கொண்டுவந்தாள், வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இதெல்லாம் போதாதென்று எனக்கு இன்னொரு யோசனை வந்தது. உண்மையான பரிசோதனைக்கு முன்னால் ஒரு ஒத்திகைப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம், ஏதாவது இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் அல்லவா. லுஜைன் தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைக்கு மாதிரித் தேர்வு எழுதலாம் பாபா, மூக்குக்கு எதுக்கு?" என்றாள். நான் கேட்கவில்லை. காற்று நுழையாத ஒரு நிலவறையில் பாதி ஊரோடு சேர்ந்து வரிசையில் நின்றோம். லுஜைனும் நானும் மற்ற இருவருக்கும் பின்னால். எங்களுக்குப் பின்னால் நின்றவர் என் பிடரியைப் பார்த்து இருமிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தேன். "தூசி ஒத்துக்காது, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஒத்திகையில் நால்வரும் தேறினோம். வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினோம். உண்மையான பரிசோதனையின் முடிவு நேற்று வந்தது. முஹன்னதுக்கு நோய் இல்லை, ஆனால் ஊறவில்லை. லுஜைனுக்கு நோய். எனக்கு நோய். நோயும் இல்லாமல், நன்றாக ஊறியும், சட்டப்படி பெண்ணாகவும் இந்த வீட்டில் மிஞ்சியது இன்ஸாஃப் ஒருத்திதான். போகவேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவள் அவள்தான்.

நான் ஓர் அறையில், லுஜைன் ஓர் அறையில், கதவை மூடிக்கொண்டு குடும்ப ஆலோசனை நடத்தினோம். பயணத்தை விட்டுவிடலாம் என்றாள் லுஜைன். கூடாது, உம்மா போயே ஆகவேண்டும் என்றேன். வீட்டில் இருவருக்கு நோய் இருக்கும்போது மூன்றாமவர் பறக்கலாமா என்று முஹன்னத் கேட்டான், நியாயமான கேள்வி. இன்று காலை மறுபடி ஒரு தடவை அவள் மூக்கில் குச்சி விடச் செய்தேன், இல்லை என்றே வந்தது. இருந்தாலும் நீ அவளைச் சில நாள் தனி அறையில் வை, ஜன்னலைத் திறந்து போடு, முகக்கவசத்தோடு பேசு. அழுவதற்கு முகக்கவசம் தடையில்லை.

புறப்படும்போது என் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். "பருப்பு சூப் குளிர்பெட்டில இருக்கு. லுஜைனுக்கு எலுமிச்சை பிழிஞ்சு குடுக்கச் சொல்லுங்க. ராத்திரி இருமுனது நீங்களா?" என்றாள். தொலைக்காட்சி என்றேன். சரி என்றாள். முஹன்னத் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். அவளிடம் சொல்லாதே.

விரலில் மாட்டினால் உடம்பில் மூச்சு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் கொடுத்திருக்கிறார். அது காட்டும் எண் நேற்றிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டிப் பார்த்தேன், வேறு விரலில் மாட்டிப் பார்த்தேன், எடை மேடையில் லாரியை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைக் குறைக்கப் பார்க்கும் ஓட்டுநர்கள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், அதே வேலையை நான் செய்கிறேன். கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நிற்கவேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் இளைப்பாறி இளைப்பாறித்தான் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது ரபாப். சாவைவிட அந்த வாசல்தான் பயமாக இருக்கிறது. இன்னொரு பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அவள் அங்கே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் அவசர அவசரமாக அனுப்பிவைத்தேன். விமானம் ஏறிவிட்டாள் என்று முஹன்னத் சொன்ன பிறகு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். லுஜைனுக்கு நோய் இலேசுதான், அவள் சமாளித்துக்கொள்வாள்.

எது நடந்தாலும் முஹன்னத் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவான். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு சொல். அடக்கத்தைத் திரையில் காட்டாதே. அவள் திரும்பி வருகிறேன் என்றால் ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்று சொல், நம்புவாள், காகிதத்தைப் பற்றி இந்தக் குடும்பத்தில் இனி எதையும் நம்புவார்கள். கடலுக்குக் கூட்டிப்போ. அவள் உன்னிடம் ஒருநாளாவது கோபப்பட்டால், அது எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். உன் கணவரின் முதுகுவலி தீரட்டும். உன் பிள்ளைகள் கல்வியிலும் உயரத்திலும் வளரட்டும். அம்மாவின் கப்ருக் குழியை அல்லாஹ் விசாலமாக்கி ஒளியால் நிரப்பட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
ஹிக்மத்

பின்குறிப்பு (சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து): வியாழக்கிழமை மேலே உள்ளதை எழுதி முடித்து அனுப்புவதற்குள் கைப்பேசி மணி அடித்தது. விமான நிலையத்திலிருந்து இன்ஸாஃப். எல்லாக் காகிதமும் சரியாம், பெட்டியும் உள்ளே போயிற்றாம். புறப்படும்போது வேண்டிக்கொள்ளும் பயண துஆவை ஓதுங்கள், கேட்டுக்கொண்டு ஏறுகிறேன் என்றாள். எத்தனையோ பயணங்களுக்கு ஓதியதுதான். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன், மூன்றாவது இடத்தில் முடியவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

பெட்டி அன்தால்யாவுக்குப் போய்விட்டது, அதை வாங்கி வை. அவள் வரவில்லை. முஹன்னத் இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பான். வீட்டுக்குள் வந்தவள் என் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். "என்னை ஊரைவிட்டு அனுப்பிட்டுச் சாகப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தவள் மருத்துவமனை வரைக்கும் நிறுத்தவில்லை. வண்டியில் முன்னால் உட்கார்ந்து என் அப்பா காலத்திலிருந்து எடுத்துத் திட்டினாள். பின்னால் படுத்திருந்த எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

வாசலில் அதே காவலாளி. நோயாளி மட்டும்தான் உள்ளே என்றான். "நான் எந்த வாசல்லயும் நிக்கப்போறதில்ல, என்னையும் பாருங்க" என்று மூக்கை நீட்டினாள். பரிசோதித்தார்கள். காலையில் இல்லை என்ற அதே மூக்கில் இப்போது இருக்கிறது என்று வந்தது. அந்த முடிவைக் கேட்டு ஒருத்தி இறைவனுக்கு நன்றி சொல்லி அல்ஹம்துலில்லாஹ் என்றதைத் தான் பார்த்ததே இல்லை என்று தாதி சொன்னாள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்த ஒரு மருத்துவர் அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை என்று பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும், இனிமே இவங்களுக்கு என்ன தொத்தப்போகுது" என்றார்.

இப்போது என் மூக்கில் குழாய் இருக்கிறது. எண் இன்று காலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் யாரும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவர் நேற்று போய்விட்டார். இன்ஸாஃப் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறாள். நான் தூங்கும்போது கைப்பேசியை எடுத்து இந்தக் கடிதம் முழுவதையும் படித்திருக்கிறாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அனுப்புங்க. கடைசில இருக்கிற துஆவெல்லாம் நல்லா இருக்கு. மத்த எதையும் நம்பாதேன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.