கோட்டையில் கேட்ட அவகாசம்

திருவிதாங்கூரில் தமிழுக்கு எதிரிகள் பலர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கூடிச் செய்ய முடியாத சேதத்தைத் தனியாளாக நின்று செய்தவர் எங்கள் ஆதாரம். இத்தனைக்கும் பாறசாலை வட்டாரத்தில் தமிழுக்காக அவரைவிட அதிகமாகத் தொண்டை கட்டிக்கொண்டவர் யாரும் இல்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் வேறு. பதிவு ஆபீசுக்கு எதிரே பலாமரத்தடியில் உட்கார்ந்து நிலப் பத்திரம் எழுதுவது தொழில். எங்கள் பக்கத்தில் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர். எழுதுகிறவருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்கிற வழக்கம் வேறு இருந்ததால் பெயர் கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், முகத்துக்கு நேரே மட்டும்.

எல்லைக் கிளர்ச்சி சூடாக இருந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா நடுவில் கிடந்து இழுபட்டது. ஒருநாள் சாயங்காலம் ஆதாரம் சந்தை முக்கில் ஒரு மேசைமேல் ஏறி, "எலே மக்கா, இனி ஆரும் மலையாளம் ஒரு வார்த்தெ போலும் பறையப்பிடாது" என்று ஆணையிட்டார். அந்த ஆணையில் எத்தனை வார்த்தை தமிழ் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் கை தட்டினோம். எங்கள் எல்லோருடைய தமிழும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

சொன்னதோடு நிற்கிற ஆளா அவர்? மறுநாள் ஒரு சின்ன மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குப் பத்திரம் எழுதினார். நான்கு எல்லை சொல்ல வேண்டும் அல்லவா? கிழக்கே இன்னார் வயல், தெற்கே ஓடை, மேற்கே பாதை என்று ஒழுங்காக எழுதிவிட்டு, வடக்கே "மலையாள தேசம்" என்று போட்டார். வடக்கே இருந்தது அவருடைய மச்சினன் வீட்டு மாட்டுத் தொழுவம். பதிவு ஆபீசில் அதைத் திருப்பி அனுப்பினார்கள். தமிழனுக்கு நேர்ந்த அநீதி என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டிலும் மலையாளம் பேசுவதில்லை என்று விரதம் எடுத்தார். மாமி நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பிறந்தவர். மலையாளம் தவிர வேறு பேச மாட்டார். தமிழ் நன்றாகவே புரியும், ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவருக்கு எந்த அவசியமும் இல்லை. ஆதாரம் தமிழில் திட்டினார். மாமி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தேங்காய் துருவினார். குழம்பில் உப்பில்லை என்று தமிழில் கத்தினார். மாமி அன்போடு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அந்த வீட்டில் அத்தனை அமைதியை நாங்கள் அதற்கு முன்னால் கண்டதில்லை. திட்டெல்லாம் வீணாகப் போவதைத் தாங்க முடியாமல் அந்த வாரமே ஆதாரம் விரதத்தை முடித்துக்கொண்டார்.

கிளர்ச்சிக்காரர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது இவரை விட்டுவிட்டார்கள். இந்த அவமானத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. தானே ஸ்டேஷனுக்குப் போய், என்னையும் பிடியுங்கள் என்று ஏட்டையாவிடம் சண்டை போட்டார். ஏட்டையாவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தன்னுடைய தமிழ்ப் பற்றை முழுக்க முழுக்க மலையாளத்திலேயே விளக்க வேண்டியதாயிற்று. ஏட்டையா நிதானமாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல மலையாளம் பேசுகிறவரை நாங்கள் பிடிப்பதில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. அவருக்கு ஒரு மகள், எஸ்தர். அவளோடு படித்த பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு கோவிலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்கு வந்த வரன்களை எல்லாம் ஆதாரம் ஒரே பதிலில் திருப்பி அனுப்பினார்: எல்லை தீரட்டும், பாறசாலை தமிழ்நாட்டோடு சேருகிற அன்றைக்குத்தான் என் வீட்டில் கல்யாணப் பந்தல். அரசாங்கம் கமிட்டி போட்டது, கமிட்டி ஊர் ஊராகப் போயிற்று, எஸ்தர் கோவில் பாடகர் குழுவில் ஓரமாக நின்று பாடிக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியில் மாமியே ஒரு வழி கண்டுபிடித்தார். தக்கலைக்கு அந்தப் பக்கம், உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பையன். சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். போதகர் வீட்டு அம்மாவும் மாமியும் கூடிப் பேசி, சபை வாலிபர் சங்கச் செயலாளராக இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். சங்கத்திலிருந்து கோட்டை பார்க்க ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்ய வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக அங்கே வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். ஆதாரத்தைக் கிளப்புகிற வேலை என்னுடையது. அது சுலபமாக முடிந்தது. கோட்டைக்குள் ஒரு கல்லில் பழைய தமிழ் எழுத்து இருக்கிறதாம் மாமா என்றேன். "ஆதாரமாக்கும்லே அது" என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். ஆளுக்கொரு பொதிச்சோறு. ஆதாரம் மட்டும் கூடுதலாக ஒரு பையில் தேங்காய் நார், சிரட்டைக் கரி, ஒரு குப்பியில் வெள்ளம் எல்லாம் எடுத்து வந்தார், எழுத்தைத் தேய்த்துத் துலக்க. களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் எழுந்து நின்று, "இதும் நம்மளுக்குள்ளது" என்று பஸ்ஸுக்கு அறிவித்தார். கண்டக்டர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

கோட்டை என்றால் மாடமும் கூடமும் ராஜா உட்கார்ந்த நாற்காலியும் இருக்கும் என்று எங்கள் கூட்டம் நினைத்துக்கொண்டு வந்திருந்தது. இருந்தது, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கறுப்புக் கல் மதில். அதைப் பிளந்துகொண்டு ஆலமரம். உள்ளே ஒரு குன்று, முழங்கால் உயரப் புல், ஆடுகள். பீரங்கி வார்த்த இடம் என்று காவல்காரர் காட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் கிடந்தது. இதுக்கா இத்தனை தூரம் வந்தோம் என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பையன்கள் மதிலில் ஏறி நின்று வீர வசனம் பேசினார்கள், பிறகு இறங்கத் தெரியாமல் காவல்காரரைக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் பாதிப்பேர் பொதிச்சோற்றைத் தின்று முடித்துவிட்டார்கள். வரலாறு பார்க்க வந்தவர்களுக்கு வேறு என்னதான் வேலை?

ஆதாரம் மட்டும் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். ஓர் இடத்தில் கூவி எங்களை அழைத்தார். கல்லில் வரிவரியாகக் கீறல். கரியைத் தேய்த்துத் தண்ணீர் விட்டு, "வட்டெழுத்து" என்று தீர்ப்புச் சொன்னார். காவல்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "சாரே, அது ஆடு மேய்க்கியவன் வெட்டுகத்தி தீட்டின பாடாக்கும்" என்றார். ஆதாரம் அந்த மனிதரிடம் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. கூரை போன ஒரு பழைய வேதக்கோவிலுக்குள் டச்சுக்காரத் தளபதி ஒருவருடைய கல்லறை இருந்தது. அதன் கல்லில் லத்தீனோடு தமிழும் இருந்தது. ஆதாரம் முழங்காலில் நின்றார். எங்கோ பிறந்து கடல் தாண்டி வந்தவன் செத்த பிறகுகூடத் தமிழில் கிடக்கிறான், நெய்யாற்றின்கரைக்காரனுக்கு என்ன கேடு என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக உள்ளே வந்தார்கள், கையில் இளநீர்க் குலையோடு.

பையன் பேசாமல் ஒதுங்கி நின்றான். பேசியவர் அவனுடைய பெரியப்பா. பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் வேட்டி கட்டி வந்ததுபோல் பேசினார். ஒவ்வொரு சொல்லும் முழுசாக, ஈறு கெடாமல் வந்தது. ஆதாரம் வாயைப் பிளந்து கேட்டார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "கேளுங்கலே, இதாக்கும் தமிழ்" என்றார். பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகும் கோபப்படவில்லை. இப்படி ஒரு தமிழ் வீட்டுக்குள் வரும் என்றால் எல்லையாவது ஒன்றாவது என்கிற நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார். மாமி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

எஸ்தர் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பையன் அதைக் குடிக்க மறந்து நின்றான். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெண்ணை எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறோம். எல்லை தீரும்வரைக்கும் எங்களுக்கு அவகாசம் கொடுங்கள்."

ஆதாரத்தின் முகம் மாறியது. இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவகாசம் என்றால் தமிழில் நேரம், தவணை. மலையாளத்தில் உரிமை, பாத்தியதை. ஆதாரம் வாழ்நாள் முழுக்க எழுதிய பத்திரங்களில் அவகாசம் என்றால் நிலத்தின்மேல் உள்ள உரிமை, வேறொன்றும் இல்லை. ஆகவே பாளையங்கோட்டைத் தமிழ் அவர் காதுக்குள் போய்ப் பலாமரத்தடிப் பத்திரமாகத்தான் விழுந்தது: இவர்களுக்கு என் நிலத்தில் எல்லை முடிகிற இடம்வரைக்கும் உரிமை வேண்டுமாம்.

"நீரு பெண்ணு காண வந்தீரா, எனக்க பூமி அளக்க வந்தீரா ஓய்?" என்றார்.

பெரியப்பா திகைத்தார். "நான் நிலம் கேட்கவில்லையே. அவகாசம்தானே கேட்டேன்?"

"அவகாசம் இல்லாத நெலத்தை நான் வச்சு என்னவே செய்யட்டு? எனக்கு ரெண்டு ஆம்பிளப் பிள்ளெ உண்டு."

"மகன்கள் இருந்தால் என்ன? அவர்களும் தாராளமாக அவகாசம் கொடுக்கலாமே."

அந்த நல்ல மனிதர் விளக்க விளக்க விஷயம் முற்றிக்கொண்டே போயிற்று. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பெரியவர்கள் பேசும்போது என்று அவனை அடக்கிவிட்டார்கள். இளநீர்க் குலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆதாரம் காலால் தள்ளினார். மதிலில் ஏறிய பையன்கள்கூட இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். சுற்றுலாவில் அவர்கள் ரசித்த ஒரே இடம் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, எஸ்தரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கையில் வெட்டுகத்தியைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து நின்றாள். இந்த வரனும் போனால் இன்னொன்று வரப்போவதில்லை என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள்தான் பேசினாள். "அப்பா, அவிய கேக்கியது நேரமாக்கும். தமிழ்ல அவகாசம்னா நேரம். உமக்க நெலம் ஆருக்கும் வேண்டாம்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தமிழனு தமிழ் அறிஞ்ஞூடே?" என்று மலையாளத்தில் கேட்டார், தமிழனுக்குத் தமிழ் தெரியாதா என்று.

ஆதாரம் சமாளித்துக்கொண்டு, நேரம் எதற்கு என்று பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா எச்சரிக்கையாக, அந்தச் சொல்லைத் தவிர்த்து விளக்கினார். பையனுக்குச் சர்க்கார் வேலை. கோடு எங்கே விழும் என்று தெரியாது. பெண் வீடு ஒரு மாநிலத்தில், மாப்பிள்ளை வீடு வேறு மாநிலத்தில் என்று ஆகிவிட்டால் போக்குவரத்துக்குச் சங்கடம். எல்லை தீரட்டும், பிறகு கல்யாணம்.

வருஷக்கணக்காக ஆதாரம் எல்லோருக்கும் சொல்லிவந்த அதே பேச்சு. இப்போது கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் அசையவில்லை. தன் பேச்சை அடுத்தவர் வாயிலிருந்து அதுவரை அவர் கேட்டதில்லை. கேட்டால் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மகளைப் பார்த்தார். பிறகு பேசினார், மேடைக் குரல் இல்லாமல்.

"கோடு போடியவன் எங்க வேணும்னாலும் போடட்டு. எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு அவனுக்க சம்மதம் எதுக்கு? வாற மாசம் வச்சிரலாம்."

பையன் தலையாட்டினான், அந்த இடிந்த கோவிலுக்குள் வைத்தே பேச்சு முடிந்தது. வட்டெழுத்தைக் கெடுத்த காவல்காரர்தான் வெற்றிலை கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. அப்புறம் எல்லையும் தீர்ந்தது. விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. தமிழுக்காக அத்தனை கத்தியவர் இந்தப் பக்கம், வாயே திறக்காமல் இருந்த மகள் அந்தப் பக்கம். ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. சாயாக்கடையில் அவரை மலையாள தேசத்து ஆதாரம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதைத் தொடங்கி வைத்தவன் நான்தான்.

அந்த வாரமே ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு ஏத்தன் குலை, மகளுக்குப் பிடித்த பழம். கிளர்ச்சிக் கூட்டத்துக்குப் போடுகிற அதே கதர் ஜிப்பா. வெளிநாடு போறீங்களா மாமா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. குலையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "எனக்குத் தமிழ்நாடு கிட்டல்ல மக்கா. எனக்க மவளுக்குக் கிட்டிச்சு. அது போரும்" என்றார். போரும் என்பது தமிழா மலையாளமா என்று கேட்க என்னிடம் கேலி தயாராக இருந்தது. பஸ் வந்துவிட்டது. குலையை அவர் தோளிலிருந்து வாங்கி உள்ளே ஏற்றி, பழம் நசுங்காமல் அவர் காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.