பள்ளையாடும் பச்சைக் கண்டாங்கியும்

ஆடு மறுபடியும் பாலை எக்கிக்கொண்டது. மடி திம்மென்று புடைத்து நிற்கிறது, காம்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை.

பிச்சமுத்து தரையோடு தரையாகக் குனிந்திருந்தார். அவர் ஆறடி ஆள். ஆடு அவர் முழங்கால் உயரம்தான். பள்ளையாடு என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் குள்ளச்சியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. குட்டி குடித்தது போக வேளைக்கு அரைப்படி கறக்கிற மகராசி.

கறந்தால்தானே!

பிச்சமுத்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மீசையை முறுக்கிக்கொண்டு "உள்ள போய்யா!" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், படிக்கட்டில் தொங்குகிறவன் டிரைவர் பக்கத்தில் போய் நிற்பான். அந்த மீசையை இந்த ஆடு சட்டையே செய்யவில்லை.

உள்ளே மூன்று மாதப் பெண்குழந்தை வீறிட்டது. மனைவி செல்லக்கிளி டைபாய்டில் விழுந்து எழுந்து, தாய்ப்பால் வற்றிப் படுத்திருந்தாள். பசும்பாலைக் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் குழந்தை கக்கிவிடுகிறது. "ஆட்டுப்பால் குடுத்துப் பாருங்க. இப்படியே போனா பிள்ளை தாங்காது" என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஜீயபுரத்திலிருந்து ஆட்டையும் குட்டியையும் வாங்கிவந்தார்.

பக்கத்து வீட்டுக் காளியாயி சொம்போடு வந்தாள். "நகருங்க. ஆம்பளைக் கைக்கு எங்க பால் இறங்கும்?"

உட்கார்ந்தாள். ஒரே முட்டு. சொம்பு ஒரு பக்கம், காளியாயி ஒரு பக்கம்.

"அடி ஆத்தி! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்து கடலைப்பிண்ணாக்கு வைத்துப் பார்த்தார். ஆடு அதைத் தின்றது, ஏப்பம் விட்டது, பாலை எக்கிக்கொண்டது. குழந்தை சர்க்கரைத் தண்ணீரில் நாளைக் கடத்தியது. அழக்கூடத் தெம்பில்லாமல் அது முனகியது. பிச்சமுத்து டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு ஜீயபுரத்துக்கு ஓடினார்.

ஆட்டை விற்ற பவுனம்மாள் அவரைக் கண்டதும் முகம் சுண்டிப்போனாள்.

"ஆடு நல்ல ஆடுதாங்க. மனசில்லாமத்தான் வித்தோம். எங்க வீட்டுக்காரரு பஞ்சாயத்து எலெக்ஷன்ல ஜெயிச்சு மெம்பராயிட்டாரு. இனிமே ஆடு வேண்டாம்னு ஒரே பிடிவாதம்."

"அது கெடக்கட்டும்மா. பால் விட மாட்டேங்குதே! எம்பிள்ளை பட்டினி கெடக்குது."

பவுனம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். உள்ளே யாரோ கனைத்தார்கள். அவள் போய் ரகசியமாகப் பேசிவிட்டு, பழைய பச்சைக் கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். வாதம் வந்து மடங்கிப்போன விரல்களால் அதை நீட்டினாள்.

"இதைக் கட்டிக்கிட்டுக் கறக்கணுங்க. வேற எதுக்கும் அது மசியாது."

"என் சம்சாரத்தால எழுந்திரிக்கவே முடியலையேம்மா!"

"அப்ப நீங்கதான் கட்டணும். சும்மா மேல போத்திக்கிட்டா ஏமாறாதுங்க, முழுசாக் கட்டணும்."

மறுநாள் விடிகாலையில் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு பிச்சமுத்து சேலை கட்டினார். கட்டும் வித்தையைப் படுத்தபடியே சொல்லிக்கொடுத்த செல்லக்கிளி, காய்ச்சல் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

மீசை தெரியக் கூடாதென்று முந்தானையால் முக்காடு போட்டு மூடிக்கொண்டார். ஆடு முகர்ந்தது. யோசித்தது. மூக்கால் முக்காட்டை விலக்கி மீசையைப் பார்த்தது. அதன் பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கால்களை அகட்டி நின்றது.

சர்... சர்...

சொம்பு நிரம்பி நுரை தளும்பியது. குழந்தை குடித்தது, கக்கவில்லை. வயிறு நிறைந்து தூங்கியது. ஆறடி மனிதர் பச்சைச் சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அவரைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வராது.

ஒரு வாரத்தில் குழந்தை கன்னம் வைத்தது. கூடவே ஊர்வாய் ஒன்றும் முளைத்தது.

கொல்லைச் சுவர் குட்டைச் சுவர். தினமும் விடியுமுன் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி பிச்சமுத்து வீட்டுக் கொல்லையில் நடமாடுகிறாள். "பொண்டாட்டி படுத்த படுக்கை. இந்த மனுசனுக்கு அதுக்குள்ள இன்னொருத்தி கேக்குது" என்று தெருக்குழாயடியில் பேச்சானது. காளியாயி ஒரு கார்டு வாங்கி, மருங்காபுரியில் இருக்கும் செல்லக்கிளியின் அண்ணன் தர்மராஜுக்கு எழுதிப் போட்டாள்.

தர்மராஜ் முதல் பஸ்ஸில் வரவில்லை. முந்தின நாள் கடைசி பஸ்ஸிலேயே வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்து, விடியும்போது கொல்லைச் சுவரேறிக் குதித்தார். சுவருக்கு மேலே தெருவே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"யாருடி நீ? எந்தங்கச்சி குடியைக் கெடுக்க வந்தவளே!"

பச்சைச் சேலையின் தோளைப் பிடித்துத் திருப்பினார். மீசை திரும்பியது.

"மச்சான், சத்தம் போடாதீங்க. பால் இறங்கிட்டிருக்கு."

தர்மராஜ் வாயைப் பிளந்தார். பிச்சமுத்து சொம்பைத் தளும்பவிடாமல் கறந்து முடித்து, விஷயத்தைச் சொன்னார். செல்லக்கிளி சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு கொல்லை வாசற்படிக்கு வந்தாள். கொழுகொழுவென்றிருந்த குழந்தையை ஒரு தடவை, சேலையை ஒரு தடவை பார்த்த தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, எந்தங்கச்சி குடுத்து வச்சவ" என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிக் கர்ஜித்தார். "எவனாவது சிரிச்சீங்க, பல்லு இருக்காது!"

யாரும் சிரிக்கவில்லை. காளியாயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆம்பளைன்னா இவருல்ல ஆம்பளை!"

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பிச்சமுத்துவுக்குச் சளைக்காத மீசை. கையில் ஒரு கூடைக் கருவேலங்காய்.

"நான் ஜீயபுரம் பஞ்சாயத்து மெம்பர் காத்தமுத்துங்க. பவுனம்மா வீட்டுக்காரன். ஆட்டைப் பாக்காம இருக்க முடியலை. அதான் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு..."

அவர் முடிக்குமுன் ஆடு "ம்மே" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவர் காலில் முகத்தைத் தேய்த்தது. மெம்பர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

பிச்சமுத்துவுக்கு அப்போதுதான் தன் கோலம் உறைத்தது. தெருவின் முன்னால் கூசாத உடம்பு, பெரிய மனிதர் ஒருவர் முன்னால் கூசிக் குறுகியது. "மெம்பரய்யா, தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைக்காக..."

காத்தமுத்து அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். சுவருக்கு மேலே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, காதோடு காதாகச் சொன்னார்.

"கொசுவத்தை முன்னாடி வச்சிருக்கீங்களே தம்பி. பின்னாடி வச்சுக் கட்டுங்க, இன்னும் ஒரு உழக்கு சேந்து இறங்கும். ஆறு வருஷமா நான் அப்படித்தான் கட்டிக்கிட்டுக் கறந்தேன்."