உப்பு ஆபீசு லாக்கப்பில் ஃபர்சானா நிக்காஹ்

மரக்காணம்
14.6.2005

அன்பு மச்சான் முபாரக்குக்கு, ஜெய்னுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். ஷார்ஜா வெயிலில் தாங்களும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். என் மகள் ஃபர்சானாவின் நிக்காஹ் ஞாயிறன்று இனிதே முடிந்தது. லீவு கிடைக்காத தாய்மாமனுக்கு விவரம் தெரிவிப்பது என் கடமை.

மண்டபம் தாங்கள் அறிந்ததே. உப்பளத்தைப் பார்த்தாப்போல வெள்ளைக்காரன் காலத்து உப்பு ஆபீசு, வெங்கடாசலம் ஏலத்தில் எடுத்து, சுண்ணாம்படிச்சு, கல்யாண மண்டபமா நடத்துறாரே, அதுதான். கோட்டக்குப்பத்துலருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிக்கிற நேரம் பார்த்து, சுனாமிக்கப்புறம் கடலோரக் கட்டடத்தையெல்லாம் மேப்புல ஏத்துறோம்னு மெட்ராஸ்லருந்து ரெண்டு பேர் வந்துட்டாங்க. வினோதினின்னு ஒரு பொண்ணு, "கல்யாண மண்டபம்னு போடலாம் சார்" னுது. அவங்க மேலதிகாரி சகாதேவன், "கட்டினப்ப என்னவோ அதைத்தாம்மா போடணும். உப்பு ஆபீசு" ன்னாரு. வெங்கடாசலம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலாமில்ல? "சார், இப்ப பொண்ணு உக்காந்திருக்குதே, அந்த ரூம்தான் உப்பு திருடுனவங்கள அடைச்ச லாக்கப்பு. கம்பி கூட ஒரிஜினலுங்க!" ன்னுட்டாரு, பெருமையா.

சம்பந்தி காதுல விழுந்துடுச்சு. "ஏங்க, என் மருமகள ஜெயில்லயா வச்சிருக்கீங்க? வேற இடம் பாருங்க, இல்லன்னா வேனைத் திருப்புறேன்" னு குதிக்கிறாரு. பிரியாணி தம்முல இருக்குது, பள்ளிவாசல் அஜரத் நிக்காஹ் புக்கை விரிச்சுட்டாரு, உங்க அக்கா ஜரீனா என்னை முறைக்கிறா, என்னமோ நான்தான் உப்பு திருடி மாட்டுன மாதிரி! அப்பதான் மாப்பிள்ளை தவுசீப் எழுந்து வந்து, "அத்தா, அவங்க உள்ள இருந்தா நானும் உள்ளதான். எனக்கு ஜாமீன் வேணாம்" னான். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலருந்து நம்ம ஃபர்சானா, "மாமா, தாழ்ப்பா உள்பக்கம்தாங்க இருக்குது!" ன்னா. மண்டபமே அதிருது! சம்பந்தி சிரிச்சு சிரிச்சு என்னைக் கட்டிப்பிடிச்சதுல, என் அத்தர் பூரா அவர் ஜிப்பாவுல.

ரெண்டாவது தடவை பிரியாணி வாங்கின கையோட சகாதேவனே "கல்யாண மண்டபம்" னு எழுதி, கீழே பொடி எழுத்துல "பழைய உப்பு ஆபீசு" ன்னு சேர்த்தாரு.

சின்னவள் ஷஹானாவின் நிக்காஹும் அங்கேதான் என்று முடிவு செய்துள்ளோம். அதற்காவது லீவு வாங்கவும். மேப்பைப் பார்த்தே வந்து சேரலாம். அக்காவின் துஆவும் மணமக்களின் ஸலாமும் தங்களுக்கு உரித்தாகுக. வஸ்ஸலாம்.

ஜெய்னுலாப்தீன்

பி.கு: கவரை ஒட்டுறதுக்குள்ள வெங்கடாசலம் வந்தாரு. அடுத்த மாசத்துலருந்து கட்டடத்தை பக்கத்து அனுமந்தைக் குப்பத்து மீனுக்கு ஐஸ் கம்பெனியா விட்டுட்டாராம். வினோதினிக்குப் போன் போட்டேன். கல்யாண மண்டபம்னே எழுதி அனுப்பியாச்சாம், இனி அடுத்த சர்வேயிலதான் மாத்துவாங்களாம். அதனால மேப்பை மட்டும் நம்பி வந்துடாதீங்க மச்சான். பன்னீர் தெளிக்க வாசல்ல வஞ்சிரம்தான் நிக்கும்.