எந்த ஃபில்டர் என்று சொல்லுங்கள், பாக்

எங்கள் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிளின் மூச்சு கேட்கும். அம்மாவின் பேச்சு மட்டும் கேட்காது. இது அம்மாவின் கருத்து. நான் அவள் குரலில் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பா எழுந்து நின்றார். அப்பா எழுந்து நின்று பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். போன தடவை எழுந்து நின்றபோது முயல் வளர்த்துப் பணக்காரராகப் போவதாக அறிவித்தார். அந்த முயல்கள் இப்போது பக்கத்துத் தெருவில் சுதந்திரமாக வாழ்கின்றன.

"ஆராய்ச்சி முடிஞ்சுது, பு," என்றார். எங்கள் ஜாவாவில் அம்மாவை 'பு' என்றும், அப்பாவையும் மரியாதைக்குரிய ஆண்களையும் 'பாக்' என்றும் கூப்பிடுவோம்; புருஷன் பெண்டாட்டியும் அப்படித்தான்.

ஆராய்ச்சி என்பது மூன்று ஏர் ஃபில்டர்களைப் பற்றியது. ஒன்று, பைக்கோடு வந்த காகித ஃபில்டர். இரண்டாவது, கடையில் வாங்கிய சிவப்புப் பருத்தி ஃபில்டர். எண்ணெய் தடவியது. மூன்றாவது, பளபளவென்று எஃகுக் கம்பி வலை. மூன்றும் ஒரே அளவு. ஒரே பெட்டிக்குள் உட்காரும். எது நல்லது? கடைக்காரன் சொல்வதை நம்பாமல் தானே சோதிப்பது என்று அப்பா முடிவு செய்து ஒரு வாரம் ஆகிறது.

முதலில் மசூதியின் கம்பளம் துடைக்கிற காற்றுறிஞ்சி இயந்திரத்தைக் கேட்டு வாங்கி வந்தார். மீன் தொட்டிக் குழாயில் சிவப்பு சர்பத்தை ஊற்றிச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டார். ஃபில்டர் வழியாகக் காற்றை உறிஞ்சும்போது சர்பத் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டுமாம். இயந்திரத்தைப் போட்டார். சர்பத் ஏறியது. கூரைவரை ஏறியது. கிளாத்தேன் ஊரில் உள்ள எறும்புகள் அத்தனையும் அன்று எங்கள் வீட்டில்தான் விருந்து சாப்பிட்டன.

அடுத்தது தூசிச் சோதனை. தூசிக்கு அம்மாவின் மரவள்ளி மாவு. ஃபில்டருக்குப் பின்னால் வெள்ளைத் துணி. எந்த ஃபில்டர் எவ்வளவு மாவை உள்ளே விடுகிறது என்று பார்ப்பதாகத் திட்டம். வெள்ளைத் துணியில் வெள்ளை மாவு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அதற்குள் அப்பா தும்மிவிட்டார். பூனை இரண்டு நாள் வெள்ளைப் பூனையாகத் திரிந்தது.

"என்ன முடிவு, பாக்?" அம்மா கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"கருவி எல்லாம் பொய், பு. உடம்புதான் கருவி. சீட்டுல உக்காந்து பாலம் வரைக்கும் போய்ட்டு வந்தா போதும். உள்ள எந்த ஃபில்டர் இருக்குன்னு சொல்லிடுவேன். என் இடுப்பு சொல்லும்."

"இடுப்பா?"

"இடுப்பு."

"போன மாசம் என் ஊர்ல தேங்கா துருவச் சொன்னப்ப அந்த இடுப்பு வேற என்னமோ சொல்லிச்சே."

இங்கேதான் உண்மையான விஷயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஊரான வோனோசாரியில் என் மாமா மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமையே போய் ரெவாங் செய்ய வேண்டும். ரெவாங் என்றால் சொந்தபந்தமெல்லாம் கல்யாண வீட்டில் கூடி வேலைக்குக் கை கொடுப்பது. பெண்களுக்கு வெங்காயம். மாப்பிள்ளைகளுக்குத் தேங்காய். போன கல்யாணத்தில் அப்பா நூறு தேங்காய் துருவினார். அதே வெள்ளிக்கிழமைதான் அவருடைய பழைய பைக் சங்கம் டியெங் மேட்டுக்குக் கிளம்புகிறது. கூடாரம், குளிர், மலைப்பாதை. கல்யாணத்தன்று காலையில் மலையிலிருந்து நேராக வந்துவிடுவதாக அப்பா மூன்று வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அம்மா கையைக் கழுவினாள்.

"சரி பாக். நீங்க சொன்ன மாதிரியே சோதிச்சுப் பாத்துடலாம். ஃபில்டரை நான் மாட்டுறேன். நீங்க பாக்கக்கூடாது. ஓட்டிட்டு வந்து எதுன்னு சொல்லணும். மூணு தடவை. நான் மூணையும் போடுவேன், ஒண்ணையே திரும்பவும் போடுவேன், அது என் இஷ்டம். மூணும் சரியாச் சொன்னீங்கன்னா டியெங். ஒண்ணு தப்பினாலும் தேங்கா."

"மூணா? முப்பது வை," என்றார் அப்பா.

ஐந்தே நிமிஷத்தில் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். முகம் மரவள்ளி மாவு நிறத்தில் இருந்தது.

"நிங், என் கண்ணு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"உங்க இடுப்பு, பாக்?"

"அதுக்கும் தெரியல. நீதான் அம்மாவுக்கு ஸ்க்ரூ பிடிக்கப் போற. எத மாட்டுறாள்னு எனக்கு எப்படியாவது சொல்லணும்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"டியெங். பின்சீட்டு. வெங்காயம் கிடையாது."

வெங்காயம் கிடையாது என்றதும் நான் விலைபோய்விட்டேன். ஏற்பாடும் என்னுடையதுதான். எங்கள் சந்தில் சாயங்காலம் முழுக்க யாராவது எதையாவது விற்றுக்கொண்டு போவார்கள். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். அந்தச் சத்தங்கள் அத்தனையும் என் தொண்டையில் இருக்கின்றன. காகித ஃபில்டர் என்றால், குச்சியில் குத்திச் சுட்ட கறியான சாத்தே விற்கும் கிழவரின் கூவல். சிவப்பு என்றால் இறைச்சி உருண்டை சூப் விற்கும் பக்சோக்காரர் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் டிங் டிங். கம்பி வலை என்றால் புட்டுக்காரரின் மூங்கில் குழாயில் ஆவி ஊதும் சத்தம்.

"நீ என் மகதான்," என்று அப்பா கண்கலங்கினார்.

சாயங்காலம் நாலரை மணி. அப்பா வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணை மூடி, தியானம் செய்கிற தோரணையில். கொல்லைக் கதவுக்குள்ளே பைக், அம்மா, நான். அம்மா தையல்காரி. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்ட அவளுக்கு ஒரு பட்டன் தைக்கிற நேரம் போதும்.

சிவப்பை எடுத்தாள். நான் சுவர் பக்கம் திரும்பி நாக்கை அண்ணத்தில் தட்டினேன். டிங், டிங், டிங்.

"பக்சோ வேணுமா உனக்கு?" என்றாள் அம்மா.

"பசியில்ல, பு."

அப்பா பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்தார்.

"சிவப்பு. பருத்தி. எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி ஒரு மூச்சு. ரெண்டாவது கியர்ல குதிரை நிமிருது பாரு."

அம்மா துணி அளவு எழுதும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். "சரி."

இரண்டாவது சுற்று. கம்பி வலை. நான் மூக்கால் மூச்சை இழுத்து, பல்லிடுக்கில் விட்டேன். ஙீஈஈஈங். எனக்கே புட்டு வாசனை வந்தது. அம்மாவின் கை மூன்றாவது ஸ்க்ரூவில் ஒரு விநாடி நின்றது. பிறகு திருகியது. அந்த ஒரு விநாடியை நான் கவனித்திருக்க வேண்டும். என் திறமையில் மயங்கி விட்டுவிட்டேன்.

அப்பா திரும்பி வந்து பெட்ரோல் டாங்கைத் தடவிக் கொடுத்தார். நடிப்பில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"கம்பி வலை. சந்தேகமே இல்ல. மேராப்பி மலைக் காத்து நேரா உள்ள வருது, பு. எஞ்சின் ஓடல, பாடுது. ஜெயில் கதவைத் திறந்து விட்ட கைதி மாதிரி ஓடுது."

"சரி," என்று அம்மா இரண்டாவது கோடு போட்டாள்.

அப்பா நாற்காலிக்குப் போனார். உட்காருவதற்குள் சங்கத் தலைவர் பாக் சுரோசோவுக்குப் போன் போட்டு, "கூடாரத்துல ரெண்டு பேருக்கு இடம் வைங்க," என்று சொன்னது கொல்லைவரை கேட்டது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். கையில் ஒரு துண்டு ஜெனாங்கோடு வந்தாள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கலந்து நாள் முழுக்கக் கிண்டியது. பல்லைப் பிடித்தால் பல் வந்தாலும் வரும், அது வராது.

"நல்லா ஸ்க்ரூ பிடிச்ச. வாயத் திற."

பெருமையோடு திறந்தேன். முஷ்டி அளவு துண்டு. உள்ளே போனதும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் கல்யாணம் செய்துகொண்டன. என்னால் "ம்" என்று சொல்லத்தான் முடிந்தது. அதுவும் மூக்கால்.

அம்மா பைக்குக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திருப்புளியால் பெட்டியை நாலு தடவை லேசாகத் தட்டினாள். ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பி, வாயைக் குவித்தாள்.

"தேஏஏ... சாத்தேஏ."

சாத்தே கிழவரேதான். முன்பல் இல்லாத காற்று, நடுவில் ஒரு விரிசல், கடைசியில் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஓர் இறக்கம். அந்த இறக்கத்துக்காக நான் ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன், வரவில்லை. என் வித்தை அப்பாவிடமிருந்து வந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அப்பா துள்ளி வந்து பைக்கில் ஏறினார். நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். மகள் வாழ்த்தி அனுப்புகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது முகத்தில் சாவு வீட்டுக் களை.

"காகிதம்," என்றார். "பாவம், பு, எஞ்சின். மூக்குல தலையணைய வச்சு அமுக்கின மாதிரி திணறுது. மூணாவது கியர்ல இருமுது. போன தடவை எப்படிப் பாடிச்சு, இப்பப் பாரு, முனகுது. இதைப் போட்டு ஒரு மனுஷன் மலை ஏற முடியுமா?"

"நல்லா யோசிச்சீங்களா, பாக்?"

"யோசிக்கவே வேண்டாம்."

அம்மா நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். சாயங்கால வெயிலில் கம்பி வலை பளபளத்தது.

"போன தடவை மாட்டினதுதான். நான் கழட்டவே இல்ல."

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஆனா நான் கேட்டேனே..."

"என்ன கேட்டீங்க?"

அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. கேட்டதைச் சொன்னால் திருட்டு வெளிவரும். சொல்லாவிட்டால் தேங்காய். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜெனாங்கை மென்றேன்.

"எஞ்சின் சத்தத்தக் கேட்டேன்," என்றார் கடைசியில்.

"எஞ்சின் சாத்தே வித்துச்சா?"

அப்பா குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"புட்டுக்காரர் ஜுமாதி திங்கக்கிழமையே பொண்ணு பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு, பாக். அவர் பேன்ட் என் மெஷின்மேலதான் கிடக்கு. ஆளே ஊர்ல இல்ல, குழாய் மட்டும் நம்ம கொல்லையில ஊதுது. பக்சோவும் புட்டும் ஆச்சுன்னா, சந்துல மிச்சம் சாத்தேதானே. நானும் எவ்வளவு நேரந்தான் தெரியாத மாதிரி இருக்கிறது?" என்னிடம் திரும்பினாள். "உனக்கு வெங்காயத்தோட பூண்டும்."

"ம்," என்றேன் மூக்கால்.

அப்பா கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "தலைவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன், பு. இப்பப் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரலன்னு சொல்றது? என்னால சொல்ல முடியாது. நாக்கு வராது."

சீட்டின்மேல் கிடந்த அவர் போன் அடித்தது. பாக் சுரோசோ. அப்பா கையை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள். அப்பா செருமுவதைப் போலவே, கிராம்பு சிகரெட்டுப் புகை அடைத்த தொண்டையை இரண்டு தடவை செருமினாள்.

"சொல்லுங்க, பாக்." சுத்தமாக அப்பாவின் குரல்.

அப்பா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"குனார்த்தோ, என்னப்பா ஆச்சு? ஜெயிச்சாச்சா?"

"இல்ல, பாக். தோத்துட்டேன்."

"அட விடு. அதான் ரெண்டாவது திட்டம் இருக்கே. வெள்ளிக்கிழமை காலையில நான் போன் பண்ணி, கால் முறிஞ்சு கிடக்கேன், உடனே வான்னு அழறேன். நீ பதறிப்போய் கிளம்பிடு. உன் பொண்டாட்டி லஸ்மினி அப்படியே நம்பிடுவா."

அம்மா அப்பாவின் கண்ணையே பார்த்தபடி இன்னொரு தடவை செருமினாள்.

"வேணாம், பாக். அதுவும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."