முதலாளி பேசுகிறேன்

வேலை போன செய்தியைச் சாகும்வரை மனைவியிடம் சொல்வதில்லை என்று சபதம் எடுத்தேன். சொன்னால் அன்றைக்கே சாவு. ஆகவே சபதம் எப்படியும் நிறைவேறிவிடும்.

என் தொழில், கார்ட்டூன் படங்களில் கெட்டவர்களுக்குக் குரல் கொடுப்பது. நரி, கழுகு, ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரன் எல்லாமே நான்தான். கதாநாயக முயல் சுத்தமான தமிழ் பேசும். அதைத் தின்ன வரும் ஓநாய் மட்டும் ஏதோ கண்காணாத தேசத்திலிருந்து வந்து, "உன்னே நான் கொல்லுது" என்று தமிழைக் கொல்லும். கெட்டவன் என்றால் வெளிநாட்டான். அது எங்கள் தொழில் தர்மம். அந்தத் தர்மம்தான் எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது.

புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் ஓநாயைக் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

"சார், இந்த வெளிநாட்டுக் கொச்சையெல்லாம் இனி வேண்டாம். குழந்தைங்க சிரிக்குதுங்க. வீட்டுல பேசற மாதிரி சாதாரணமாப் பேசணும். ஆனா கேக்கறவனுக்கு வயித்தக் கலக்கணும். எங்க, வீட்டுல பேசற மாதிரி பேசுங்க பாக்கலாம்."

பேசினேன். மைக்கில் ஒன்றுமே பதிவாகவில்லை. சவுண்ட் இன்ஜினியர் பாவம், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்.

அன்றோடு வேலை போயிற்று. அதற்குப் பிறகும் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினேன். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே காக்கைக்குக்கூட வேலை இருந்தது. உண்மையிலேயே துக்கமாக இருந்தது. எனக்கு வராத குரல் கிடையாது. அதில் ஒன்றுகூட யாருக்கும் வேண்டாம்.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, முன்னெல்லாம் வர்றப்போ தொண்டை கட்டியிருக்கும். இப்ப கணீர்னு இருக்கே?"

"இப்ப நடிக்கறது ஊமை வில்லன்."

"ஊமைக்கு எதுக்குங்க குரல்?"

எனக்கு என் வாய்தான் எதிரி. மறுநாளே புது சிம் ஒன்று வாங்கினேன். பெஞ்சில் இருந்தபடியே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வனக்கம் மேடம்! நான் ஸ்டுடியோ புது முதலாலி. உங்கல் புருஷன் ரொம்பப் பெரிய கலைஞன். அவர் இல்லாம படம் இல்லே!"

"அப்படிங்களா ஐயா! கேக்கவே சந்தோஷமா இருக்கு."

குரலில் தேன் வடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதில் ஒரு சொட்டு கிடைத்ததில்லை. எவனோ ஒரு வெளிநாட்டானுக்குக் கொட்டுகிறாள்! பொறாமையில் வெந்தேன். ஆனாலும் தினமும் போன் பண்ணினேன். என்னை நானே வாயாரப் புகழ்ந்தேன். ஒரு தடவை நாக்கு குழறிவிட்டது. தொழில் பழக்கம், "ஸாரி, இன்னொரு டேக் போலாம்" என்று சொல்லிவிட்டு வசனத்தை முதலிலிருந்து பேசினேன். "போலாங்க ஐயா" என்றாள். எவ்வளவு வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவளே ஆரம்பித்தாள்.

"ஐயா, ஒரு உதவி. எனக்கு ஒரு வேல கிடைச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வேண்டாம்பார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா தட்டமாட்டார்."

"என்ன வேலே மேடம்?"

"சும்மா பேசற வேலைதாங்க."

முதலாளி என்றால் தாராளம் வேண்டாமா? "கட்டாயம் போங்கோ! நான் பர்மிஷன் குடுக்குது. உங்கல் புருஷன் வாயே திறக்காது!"

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"இந்த வாய் சொன்னா சொன்னதுதான் மேடம்!"

அன்று வீட்டுக்குள் நுழைந்தால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க முதலாளி சரின்னுட்டார். நாளைக்கு ஸ்டுடியோவுல சேரணும்."

"எந்த ஸ்டுடியோ?"

"உங்க ஸ்டுடியோதான். மொதல் போன் வந்த மறுநாளே, இவ்ளோ நல்ல மனுஷனை நேர்ல பாத்துக் கும்பிட்டுட்டு வரலாம்னு போனேன். அப்படி யாருமே இல்லையாம். நீங்களும் இல்லையாம். 'இத ஏன் வீட்டுக்குச் சொல்லல?'ன்னு கேட்டேன். சத்தம்கூடப் போடலங்க. டைரக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். 'அம்மா, எங்களுக்கு ஓநாய் கிடைச்சிருச்சு'ன்னார். இப்ப அதப் பொம்பள ஓநாயா மாத்தறாங்க."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் தினமும் பேசினியா?"

"நீங்க என்கிட்ட இவ்ளோ நேரம் பேசி எத்தனை வருஷமாச்சு? கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் தன் பைக்குள் வைத்தாள்.

"உங்க முதலாளிகிட்ட சொல்லி வைங்க. நாளையிலேருந்து பகல்ல போன் அடிச்சா, நீங்கதான் எடுக்கணும்."