துரை பங்களாவில் ஒரு டார்பிடோ

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லி அறை வாங்கியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். அறை வாங்கிய பிறகும் அதே பதிலை இன்னும் உரக்கச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது மலாயாவில், சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரி படுத்தால் பழுது பார்ப்பதும் நான்தான். இன்ஜின் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஓர் எண்ணம். (இந்த எண்ணம் என்னைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.) ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை தன் நாயை மறக்காமல் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பங்களாவுக்குப் பின்னால் எப்போதும் பூட்டியே கிடந்த கொட்டகையை ஜப்பான் ஆபீசர் ஒருவர் வந்து உடைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், மூக்கு கூர்ந்து, லாரியைவிட நீளமாக ஒரு சாமான் நின்றது. சக்கரம் நான்கு. கதவு இல்லை, விளக்கு இல்லை. துரை அதைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்துத் தானே சேர்த்து மாட்டியிருந்தார். எங்களில் யாரையும் கிட்டே விட்டதில்லை.

மூக்குக் கண்ணாடி போட்ட அந்த ஆபீசர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "டார்பிடோ" என்றார். தரையில் ஓடும் டார்பிடோ, வெள்ளைக்காரனின் ரகசிய ஆயுதம்! அன்றைக்கே சிரம்பானில் இருந்த பெரிய ஆபீசருக்குச் செய்தி பறந்தது. அதற்குப் பிறகுதான், இது எங்கே செய்தது, எப்படி வெடிக்கும் என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடினார்கள். கூட்டத்தில் கை தூக்கிய மகான் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பசி, பயம், மரவள்ளிக்கிழங்கு. இவை மூன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த நாட்களில், அந்தக் கொட்டகைக்குள் மட்டும் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்ஜின் ஆகாய விமானத்துடையது. உட்கார ஒரே ஆளுக்குத்தான் இடம். ஸ்டியரிங் கொஞ்சம்தான் திரும்பியது. அப்படியென்றால் வளைவே இல்லாத இடத்தில் ஓடியிருக்க வேண்டும். அடித்தகட்டு இடுக்கில் கடல் மணலும் சிப்பித் துணுக்கும் காய்ந்து ஒட்டியிருந்தன. சாம்பல் வர்ணத்தைச் சுரண்டினால் கீழே பச்சை. பச்சையில் ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் பந்தய எண். கியர் பெட்டியில் வார்த்திருந்த எழுத்துகளை நான் வரைந்து வர, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செல்லையா படித்தார். அது இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஐயா, இது ரேஸ் காரு! கடற்கரையில நேரா விட்டு, யாரு வேகம்னு பாக்குறது. ரொம்பப் பழசு. இதைவிட வேகமா ஒண்ணு வந்ததும் நம்ம துரை தலையில கட்டிட்டானுங்க."

செல்லையா யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தம்பி, அவன் குண்டு எண்டால் நீயும் குண்டு எண்டே சொல்லு. உனக்கென்ன வந்தது?" என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"உயிரோட இருக்கச் சொல்லுறன்."

பெரிய ஆபீசர் பரிவாரத்தோடு வந்தார். நாங்கள் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினோம். நான் தமிழில் சொல்ல, செல்லையா இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கடல் மணல் முதல் பந்தய எண் வரை ஒன்று விடாமல் சொன்னேன். செல்லையா சுருக்கமாக, "இங்கிலாந்தில் செய்தது. மிகவும் வேகமாகப் போகும். மிக ஆபத்தானது" என்றார்.

இப்போது நினைத்தால் புல்லரிக்கிறது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இல்ல லா, கிராணி ஐயா! ரேஸ் காருன்னு நீங்க சொல்லவே இல்லையே!" என்றேன். அத்தோடு விட்டேனா? பெரிய ஆபீசர் பக்கம் திரும்பி என் சொந்த இங்கிலீஷை அவிழ்த்தேன். "நோ பாம், சார்! ரேசிங்! பிளே! ஒன்லி பிளே!" புரியாமல் போய்விடுமோ என்று இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்து 'டுர்ர்ர்' என்று ஓட்டியும் காட்டினேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரை ஓர் அறை விட்டார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு வந்து செல்லையாவை அறைந்தார், பிறகு என்னை. ரத்தம் வந்த வாயோடு நான் இன்னும் உரக்க, "பிளே, சார்" என்றேன். அதற்குத் தனியாக ஒன்று விழுந்தது.

இன்ஜின் தெரிந்தவன் ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதைக்குத் தேவை என்று மறுநாளே லாரியில் ஏற்றினார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேரை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களோடு நானும் போனேன். அங்கே நான் இன்ஜினைக் கண்ணால் பார்க்கவில்லை. மண் வெட்டினேன், மண் சுமந்தேன், பிணம் சுமந்தேன். போகும்போது லாரிகள் வரிசையாகப் போயின. திரும்பி வந்த நாங்கள் எல்லாரும் ரயிலடியிலிருந்து ஒரே மாட்டு வண்டியில் வந்தோம். வண்டியில் இடமும் மிச்சம் இருந்தது.

அன்று வாங்கிய அறையில் செல்லையாவுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. கார், 'பிடிபட்ட ஆங்கிலேய ஆயுதம்' என்ற பலகையோடு சிரம்பான் திடலில் நின்றதாம். பிறகு இரும்புக்கு அறுத்துவிட்டார்களாம். "என்ர காதும் போயிட்டுது, காரும் போயிட்டுது. உனக்குப் புத்தி வரும் எண்டு பாத்தன். அதுதான் இன்னும் வரேல்ல" என்றார் அவர்.

பிரிட்டிஷ்காரன் திரும்பியதும் துரையும் வந்தார். லயத்தில் பாதி வீடுகள் திறந்து கிடந்தன, உள்ளே ஆள் இல்லை. வெள்ளைச் சேலைகள் வாசலில் நின்றன. துரை ஜீப்பை நிறுத்தி இறங்கினார். "கார் எங்கே?" என்றார்.

செல்லையா சொன்னார். துரை தொப்பியைக் கழற்றினார். தலை குனிந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், காருக்காக. பிறகு பங்களாவுக்குப் போய்விட்டார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். போன வருஷம் என் மனைவி தெமியாங் போகும் வழியில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து, முழங்கால் சிராய்ந்து, நொண்டிக்கொண்டு வந்தாள். நான் பதறிப்போய், "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"பிள்ளைங்களா, எந்திரிச்சு நில்லுங்க. துரை வந்திருக்காரு."